இரு கதவு மோட்டாரும் பொருநைக் கரையும்

திருநெல்வேலிச் சீமையில் சக்கரங்களுக்கு என்றைக்கும் பஞ்சமிருந்ததில்லை. ஆனி மாதத்தில் நெல்லையப்பரின் பெரிய தேர் நான்கு ரத வீதிகளையும் சுற்றி நிலைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை ஆயிரம் கைகள் வடம் பிடிக்க வேண்டியிருக்கின்றன என்பதைக் கண்டறிந்தவர்கள், இந்த ஜில்லாவில் வாகனமென்றால் ஊர் கூடி இழுப்பதும் குடும்பமே ஏறிச் செல்வதுமான வஸ்து என்னும் எண்ணம் வேரூன்றியிருந்ததைப் பற்றி ஆச்சரியப்பட மாட்டார்கள். இருவர் மாத்திரம் சௌகரியமாக உட்கார்ந்து, போய்ச் சேரும் இடத்தைவிடப் போகும் வேகத்தையே பெரிதாக மதித்து ஓட்டும் மோட்டார் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அந்த ஜாதி வண்டிக்குக் கூப்பே என்று பெயர். தாழ்ந்த கூரை, இரண்டே கதவு, பின்னால் பெயரளவுக்கு ஓர் ஆசனம் என்பவை அதன் லட்சணங்கள். அந்த ஜாதியும் அதை ஒட்டிய ஜாதிகளும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் புதுப் பொருளாக வந்து இறங்கியது அபூர்வம். எங்கோ ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டி, அலுத்து, விற்ற பிறகே பெரும்பாலும் இங்கே வந்தன. ஆகையால் அவற்றின் சரித்திரத்தைத் தொழிற்சாலையில் தேடுவதைவிடப் பட்டறையில் தேடுவதே பொருத்தம்.

மோட்டாருக்கு முன் சாலை வேண்டும். மதுரையிலிருந்து தெற்கே சென்ற பெருவழிக்கு மங்கம்மாள் சாலை என்று பெயர் வழங்கி வந்தது. அந்த ராணி ஆண்ட காலம் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கமும். ஆயினும் எவ்வளவு நல்ல சாலையும் பொருநை என்னும் தாமிரபரணியின் கரையில் வந்து நின்றுவிடும். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஆறு நிறைந்து ஓடும் நாட்களில் படகுக்காகக் காத்து நின்றவர்களின் துன்பத்தைத் தீர்த்தவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார். அவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பதினொரு வளைவுகளோடு கட்டுவித்த பாலம் 1843இல் திறக்கப்பட்டது. மாட்டு வண்டிக்கும் பல்லக்குக்குமாக எழுந்த அந்தக் கல் வளைவுகளின் மீது பிற்காலத்தில் பஸ்ஸும் லாரியும் காரும் ஓடின என்பதும், அவர் பெயரைத் தாங்கிய பாலம் இன்றும் இரட்டை நகரங்களை இணைத்து நிற்கிறது என்பதும் அந்தக் காலத்துக் கொத்தர்களின் கைத்திறனுக்குப் போதிய சாட்சி. 1876இல் ரயில் வந்தது. ரயில் வந்த பிறகு தூரப் பிரயாணத்துக்கு மோட்டார் தேவையாக இருக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும், வயலுக்கும், மில்லுக்கும், மலைக்கும் போகவே அது தேவைப்பட்டது.

தென்னாட்டு மோட்டார்த் தொழிலின் மூலபுருஷர்களுள் ஒருவர் இந்த ஜில்லாக்காரர் என்பதை நம்மவர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், நம்பி கோயில் கொண்டிருக்கும் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், உத்தியோகத்தை விட்டுவிட்டு 1911இல் மதுரையில் ஆரம்பித்த நிறுவனமே டி.வி.எஸ். பஸ் நடத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளை விற்றார்கள், பழுது பார்த்தார்கள், உதிரிச் சாமான்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். எங்கேனும் ஒரு மோட்டார் கம்பெனி தழைக்கும்போது அதைச் சுற்றி மெக்கானிக்குகளின் பரம்பரை ஒன்றும் தழைக்கிறது. பெரிய நிறுவனங்களின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் பிற்பாடு சொந்த ஊரில் புளிய மரத்தடியில் கொட்டகை போட்டுக்கொண்டு உட்கார்ந்த வரலாறு தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. பழைய கார் என்னும் பண்டம் விலைபோவதற்கு மூலகாரணம் அந்தக் கொட்டகைதான். அது இல்லாத ஊரில் பத்து வருஷம் ஓடிய மோட்டார் வெறும் இரும்பு.

முதல் கார்கள் வந்து சேர்ந்த வாசல்கள் சிலவே. ஜமீன்தார்களின் அரண்மனைகள், பாளையங்கோட்டையில் வசித்த அதிகாரிகளின் பங்களாக்கள், பெரிய வக்கீல்களும் டாக்டர்களும், பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் சக்தியை நம்பி 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் எழுப்பிய நூல் மில். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனின் மலைக்காட்டில் 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்குப் பெற்றுக்கொண்டு, மாஞ்சோலையில் தேயிலை பயிரிட்ட பிறகு, மலைக்கு மேலும் மோட்டார் ஏறவேண்டியதாயிற்று. உத்தியோகம் முடிந்து சீமைக்குத் திரும்பும் துரைமார் தங்கள் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. விற்றுவிட்டுத்தான் போவார்கள். இரண்டாம் கை வண்டி என்னும் வியாபாரம் இந்தப் பக்கத்தில் தலையெடுத்ததற்கு இத்தகைய விற்பனைகள் ஒரு வித்து என்று கருதுவதில் தவறில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. பெட்ரோல் ரேஷனில் கிடைத்த அந்த வருஷங்களில், கரியை எரித்து அதன் வாயுவால் யந்திரத்தை ஓட்டும் உபகரணத்தை டி.வி.எஸ். தயாரித்தது, பஸ்களின் பின்புறத்தில் அந்தக் கரி அடுப்பு தொங்கிக்கொண்டிருக்கும். வேகத்தில் பிரீதியுள்ளவர்களுக்கு அது வனவாசம். ஆனால் யந்திரத்தை எந்த விதத்திலாவது உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்னும் பாடத்தை நம் மெக்கானிக்குகள் கசடறக் கற்றது அந்த வனவாசத்தில்தான்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை அடியோடு மாறிற்று. பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸும் சென்னை முதலிய துறைமுகங்களில் ஃபோர்டும் பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கோத்து விற்றுக்கொண்டிருந்தன. இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்கள் மாத்திரம் இருக்கலாம் என்று 1953இல் தீர்மானமான பிறகு அவ்விரு கம்பெனிகளும் கடையைக் கட்டின. எஞ்சியவை மூன்று கார்கள்: கல்கத்தாவுக்கருகே செய்யப்பட்ட அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூரை ஒட்டிய தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருப்பது பிரஜையின் கடமைகளுள் ஒன்றாயிற்று. 1969இல் அரசாங்கமே மூன்றுக்கும் விலை நிர்ணயம் செய்யும் அளவுக்கு அந்தச் சந்தை இறுகியிருந்தது. புது வண்டி கிடைக்காத தேசத்தில் பழைய வண்டிக்கு மதிப்பு ஏறுவது இயற்கை; ஃபியட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஓடிய ஃபியட்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கதைகளும் அக்காலத்தில் சாதாரணம்.

இந்த மூன்றினுள் உல்லாச வண்டி என்று சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான்: 1961இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் பூர்வோத்தரம் சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனி 1959இல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரை உருவில் வடித்தவர் இத்தாலியின் டூரின் நகரத்துச் சிற்பி ஜியோவானி மிக்கலாட்டி. முதல் வெளியீட்டிலேயே அது கூப்பே, சலூன் என்னும் இரண்டு வடிவங்களிலும் வந்தது. கம்பெனிக்கு முழு உடலையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்து தரக்கூடிய ஆலை கைவசம் இல்லாமற் போகவே, தனிச் சட்டத்தின் மேல் பல இடங்களில் செய்த தகடுகளைப் போல்ட்டு போட்டுப் பிணைக்கும் முறையைக் கையாண்டார்கள். அங்கே நெருக்கடியால் பிறந்த அந்த யுக்தி, பாகங்களாகக் கப்பலில் வந்து வேறு தேசத்தில் சேர்க்கப்படுவதற்கு மிகவும் வாய்ப்பாக அமைந்தது. சென்னைக்கு வந்தது கூப்பே அன்று, இரு கதவுச் சலூன்தான். இருந்தாலும் அம்பாசடரின் பக்கத்தில் அதை நிறுத்திப் பார்த்தவர் எவரும் அதைக் குடும்ப வண்டி என்று சொல்ல மாட்டார். மெல்லிய தூண்களுக்கிடையே அகன்ற கண்ணாடி, பின்னால் கூர்மையாக நீண்ட விளிம்பு, தரையிலிருந்து எழும் கியர்க் கம்பி. மற்ற இரண்டு கார்களிலும் கியர் ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்த காலத்தில், இடக்கையைத் தாழ்த்திக் கியர் மாற்றுவதே ஒரு பந்தயக்காரன் தோரணையைத் தந்தது. சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் பந்தயச் சங்கத்தார் நடத்திய போட்டிகளில் ஹெரால்டும் ஓடியதுண்டு.

வேகம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 948 சி.சி. யந்திரம், மணிக்கு எழுபது மைலைத் தொடுவதற்குள் அது பெருமூச்சு விட்டுவிடும். அறுபது மைல் வேகத்தை எட்ட முப்பது விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் வண்டியை உல்லாச வண்டி என்பதா என்று இன்றைய இளைஞர் நகைக்கலாம். அவருக்கு நான் சொல்லும் பதில், மாட்டு வண்டி வரிசையையும் சாலையில் காயப்போட்ட நெல்லையும் தாண்டி எழுபது மைலில் பறக்கத் திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே அக்காலத்தில் ஒரு பர்லாங்கு வெற்றுச் சாலைகூட அருமை என்பதே. வேகம் என்பது ஓட்டுகிறவன் மனத்தில் உண்டாவது. முள் காட்டும் எண் அதற்கு இரண்டாம் பட்சம்.

இரு கதவு மோட்டார் இங்கே கௌரவம் பெறாமற் போனதற்கு உண்மைக் காரணம் யந்திரத்தில் இல்லை, கதவில் இருந்தது. கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முன் ஆசனத்தை மடக்கி, அந்த இடுக்கு வழியாகக் குனிந்து, புடவைத் தலைப்பையும் கைக்குழந்தையையும் பலகாரத் தூக்கையும் ஒருங்கே காப்பாற்றிக்கொண்டு ஒரு பாட்டியம்மாள் பின்னால் ஏறவேண்டும். ஏறிய பின் மாமனாரும் மருமகனும் முன்னால் உட்கார்ந்தால், ஒருவர் இறங்காமல் மற்றவர்கள் இறங்க வழியில்லை. மரியாதைக்குரியவர்கள் முதலில் இறங்குவதும் மற்றவர்கள் பின்னர் இறங்குவதும் என்னும் ஆசாரத்தை அந்தக் கதவு தலைகீழாக்கிவிட்டது. வாங்கியவர் ஆசைப்பட்டு வாங்கினார். வீட்டார் ஒரு குற்றால சீசனுக்குப் போய்வந்ததும் விற்றுவிடச் சொன்னார்கள். கம்பெனியே கடைசியில் இந்த வழக்கத்துக்குப் பணிந்து நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. அதன் பின் 1972இல் வந்த கெஸல் என்னும் வண்டியும் நான்கு கதவுதான்.

குடும்பங்கள் ஒதுக்கிய பண்டம் வேறொரு ஜாதி மனிதருக்குக் கிட்டிற்று. தனியாக ஊர் ஊராகச் சுற்றவேண்டிய டாக்டர், கலியாணமாகாத இன்ஜினீயர், கல்லூரி ஆசிரியர், எஸ்டேட் உத்தியோகஸ்தர் ஆகிய இவர்களுக்கு இரண்டு கதவே யதேஷ்டம். ஃபியட்டின் விலை கொடுக்க இயலாதவர்களுக்கு, அதைக் காட்டிலும் மலிவாகக் கிடைத்த இரண்டாம் கை ஹெரால்டு ஒரு வரப்பிரசாதம். வியாபாரம் நடந்த விதமும் வைதிகமானது. பத்திரிகை விளம்பரம் இல்லை. புரோக்கர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், சாட்சியாக வந்த நண்பர் ஒருவர். மெக்கானிக் முதலில் யந்திரத்தைத் தொடமாட்டார். காலைக் குளிரில் வண்டி ஒரே உதையில் கிளம்புகிறதா, கிளம்பியதும் பின்னால் வரும் புகை வெள்ளையா நீலமா என்பதைப் பார்ப்பார். நீலமானால் வண்டி ஆயில் குடிக்கிறது, போர் தேய்ந்துவிட்டது, ரிங்கு, பிஸ்டன் என்று செலவு கண்ணுக்குத் தெரியும். பிறகு தரைத் தகட்டின் மேல் விரிப்பை நீக்கி விரலால் தட்டுவார். தூத்துக்குடி உப்பளக் காற்றில் கிடந்த வண்டியானால் அந்தத் தட்டுதலில் ஓசை மாறும். மேலே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தாலும் சட்டத்தின் ஓரங்களில் துரு மறையாது. வெயிலில் காய்ந்த உள்நாட்டு வண்டிக்கு இந்த நோய் குறைவு. ஆகையால் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து வண்டிக்குக் கடற்கரை வண்டியைவிட மதிப்பு அதிகம் இருப்பதே நியாயம்.

இனி, வாங்கிய பின் ஓட்டும் பாடு. ஹெரால்டின் பெரும் பாக்கியம் அதன் முன் மூடி. மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறம் முழுவதும் முதலை வாயைப் போல் முன்னோக்கித் திறந்துகொள்ளும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். குழிக்குள் இறங்கியும் மல்லாந்து படுத்தும் வேலை செய்து பழகியவர்களுக்கு அது ராஜபோகம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் முன் சக்கரங்கள், திருநெல்வேலி டவுனின் சந்துகளுக்காகவே மிக்கலாட்டி ஆகமம் பார்த்துச் செய்ததுபோல் அமைந்தன.

துக்கங்களும் இரண்டு உண்டு. முன் சக்கரங்களைத் தாங்கித் திரும்பச் செய்யும் மரையுள்ள பித்தளை மூட்டுக்குக் கெட்டியான கியர் ஆயில்தான் செலுத்த வேண்டும். மற்ற எல்லா வண்டிகளுக்கும் கிரீஸ் துப்பாக்கியை எடுத்து அடித்துப் பழகிய கைகள் இதற்கும் அதையே அடித்துவிடும். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது. மூட்டு வறண்டு இறுகி, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து, சக்கரம் மடிந்துவிடும். விஷயம் தெரிந்த மெக்கானிக், வண்டியை ஒப்படைக்கும்போது, "அண்ணாச்சி, வேற எங்கயும் விட்டா இதுக்குக் கிரீஸ் அடிக்க விட்ராதிய, ஆயில்தான் ஊத்தணும்" என்று சொல்லி அனுப்புவார். இரண்டாவது துக்கம் பின் அச்சு. இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு அது. நேர்ச் சாலையில் மேடுபள்ளம் தெரியாது. ஆனால் வளைவில் வேகமாகப் புகுந்து, பயந்து, திடீரென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரங்கள் உள்ளே மடங்கி வண்டியின் வால் வீசும். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் இதைக் கற்றுக்கொள்ளாமல் இறங்குவது ஆபத்து. நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீராக இழுத்துச் செல்ல வேண்டும் என்பது அந்த வண்டி தன் எஜமானருக்குக் கற்பித்த சாஸ்திரம். பின் அச்சின் கிராஸ் பேரிங்குகள் தேய்ந்தால் கிளப்பும்போது டக்கென்று ஒரு சப்தம் வரும். அதை அலட்சியம் செய்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். கெஸலில் இந்த அச்சையே கைவிட்டுச் சாதாரண அச்சுக்குத் திரும்பினார்கள் என்றால் நம் சாலைகள் அளித்த தீர்ப்பு எத்தகையது என்பது விளங்கும்.

ஹெரால்டு 1971இலும் கெஸல் 1977இலும் நின்றன. 1985இல் அதே கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரை வெளியிட்டு, அதுவும் மூன்று நான்கு வருஷத்துக்குள் மறைந்தது. அதன் மேல் உடல் நவீனம், உள்ளே ஓடியது பழைய வான்கார்டு காரின் யந்திரம்; அத்தகைய வண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொழிற்சாலை மூடிய பின்னும் ஹெரால்டுகள் சில வருஷங்கள் ஓடின என்றால், சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிக் குவித்த சாமான்களும், இங்கே பாகம் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து தந்த கைகளுமே காரணம்.

பிறகு வந்தது தாராளமயக் காலம். சென்னையைச் சுற்றியே பல தேசத்துக் கம்பெனிகள் கார் செய்கின்றன. ஆயினும் அவற்றின் முற்றங்களிலிருந்து வெளிவருபவை ஏறக்குறைய எல்லாம் நான்கு கதவு வண்டிகளே. பாட்டியம்மாளின் தீர்ப்பு இன்னும் மாறவில்லை. வெளிநாட்டு இரு கதவு வண்டிகள் பெருநகரங்களில் இருவர் மூவர் கை மாறி விலை சரிந்த பிறகு எப்போதாவது நான்கு வழிச் சாலை வழியே தெற்கே வருகின்றன. அவற்றை வாங்க நினைப்பவர்களுக்குப் பழைய மெக்கானிக்கின் விதிகள் இன்றும் செல்லும். ஒரு விதி மாத்திரம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி இரு கரையும் புரண்டபோது, திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எண்ணற்ற வண்டிகள் தண்ணீரில் நின்றன. பழைய ஹெரால்டு முழுகினால் காய வைத்து, ஆயில் மாற்றி, பிளக்கைத் துடைத்து ஓட்டிவிடலாம். மின்னணுப் பெட்டிகளால் இயங்கும் இக்காலத்து வண்டி முழுகினால் அந்த நோய் பல மாதம் கழித்துத் தலைகாட்டும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, அடியில் சேற்றின் கறை இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதையும் தள்ளிப்போடலாகாது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள்ளானால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக, பள்ளத்தாக்கு வாசிகளுக்கு ஒரு விண்ணப்பம். மாட்டுத் தொழுவத்திலோ, பூட்டிய வீட்டின் பின்கட்டிலோ, கோழி அடையும் கூடாகிவிட்ட ஒரு ஹெரால்டு உங்களிடம் இருக்குமானால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்துகொள்ள 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும். நித்தியப் பிரயாணத்துக்கும் வாடகைக்கும் ஓட்டலாகாது என்பது நிபந்தனை. வண்டலூரில் செய்த ஹெரால்டுகள் யாவும் இன்று அந்த வயதைக் கடந்தவை.